மாலையும் வரைவும்: புகார்க் கணிகையர் தேர்வு குறித்த ஓர் ஆராய்ச்சி

பெருநகர் ஒன்றில் பொருளுடையான் ஒருவன் கணிகை ஒருத்தியைத் தேர்ந்து அடைந்த முறை யாது? அத்தேர்வில் அவளுக்கு இருந்த உரிமை எத்துணைத்து? இவ்வினாக்களைப் பழந்தமிழ் நூல்கள் நேர்முகமாக எழுப்பவில்லை. ஆயினும், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இறுதியில் வரும் சில அடிகள் இவற்றிற்கு விடை தருவனவாக உள்ளன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலம்பை வெளியிட்ட நாள்தொட்டு, அக்காதையின் அரங்க அமைப்பும், ஆடலாசிரியன் முதலியோர் இலக்கணமும், தலைக்கோற் சிறப்பும் பலரால் விரித்து ஆராயப்பெற்றன. மாலை விற்ற செய்தியோ பெரும்பாலும் கதைக்குறிப்பாகவே கூறிச் செல்லப்பெறுகின்றது. நாணம் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் கோவலன் பிழையையும் மாதவி மீது ஏற்றப்பெறும் பழியையும் எடையிட விரும்புவார் இவ்வடிகளைக் கடந்து செல்லுதல் இயலாது என்பது நம் கருத்து.

செய்தி இது. ஏழாண்டுகள் பயின்ற மாதவி சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டமும், விதிமுறைப்படி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். பின்னர் மாலை ஒன்று கூனி ஒருத்தியின் கையில் கொடுக்கப்பெறுகின்றது. நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் மறுகில் அவள் நிற்கின்றாள். அம்மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் என்றும், அதனை வாங்குவோனே நம் கொடிக்குத் தக்கவன் என்றும் கூறப்பெறுகின்றது. கோவலன் மாலையைக் கொண்டு, கூனியுடனேயே மாதவி மனை புகுகின்றான்.

இங்குச் சொற்கள் ஒவ்வொன்றும் நின்று நோக்கத்தக்கன. கூனி மாலை விற்றாள் என்று இளங்கோவடிகள் கூறினாரல்லர். விற்பாரைப் போன்றதொரு தன்மையில் நிறுத்தப்பெற்றாள் என்றே கூறினார். 'பகர்தல்' என்பது சொல்லுதலையும் விற்றலையும் ஒருங்கே உணர்த்தும் சொல். விலையை வாய்விட்டுச் சொல்லி விற்றல் அதன் பொருள். இதே புகார் நகரத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் அவர்கள் பல்பண்டம் பகர்ந்ததைப் பாராட்டுகின்றது. அங்கே அச்சொல்லுக்கு உவம உருபு வேண்டப்படவில்லை, பண்டமே விற்கப்பட்டது. ஈண்டு விற்கப்பெறுவது மாலையன்று என்பதனை மறுகில் நின்றார் அனைவரும் அறிவர். ஆதலின் 'போல்' என்னும் உருபு வாளா வந்ததன்று. அது வணிகத்தின் மீது போர்த்தப்பெற்ற மெல்லிய ஆடை. ஆடை மெல்லிது என்பதனையும் அடிகளே காட்டிவிடுகின்றார்.

அடுத்து நோக்கத்தக்கது, 'நம் கொடி' என்னும் தொடர். கூனியின் கையில் மாலை கொடுத்தவர் யாவர் என்பதனை மூலம் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் 'நம்' என்னும் பன்மையும், 'கொடி' என்னும் படர்க்கை உருவகமும் பேசுவோர் மாதவி அல்லர் என்பதனைத் தெளிவாகக் காட்டும். தன்னைத்தானே ஒருத்தி 'நம் கொடி' என்னாள். இஃது ஒரு மனையின் குரல். தாயும் தோழியரும் ஏவலரும் அடங்கிய குடியின் குரல். கொடிக்குக் கொழுகொம்பு தேடுவோர் கொடியைக் கேட்பதில்லை.

அக்குரல் பயன்படுத்தும் வினை 'சாலும்' என்பது. சால்பு, சான்றோர், சான்றாண்மை என்பனவெல்லாம் இவ்வடியிற் கிளைத்த சொற்களே. திருவள்ளுவர் சான்றாண்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். குணங்களால் நிறைதலே ஆண்டுச் சால்பு. புகார் மறுகிலோ சால்பினை அளக்கும் கோல் கழஞ்சாக மாறிவிட்டது. வருவோன் யாவன், மணமானவனா, அறிவுடையவனா என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. பொன் கொடுத்தவன் சாலும், அவ்வளவே.

இவ்விலை பேரம் பேசி முடிவு செய்யப்பட்டதன்று என்பதனையும் நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும். மதுரையைக் கூறும் ஊர்காண் காதையிலும் அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு, நாள்தோறும் முறை வழுவாது பெறும் மகளிரைக் குறித்து வருகின்றது. மன்னன் முன் அரங்கேறியவளுக்கு வழங்கப்பெற்ற பரிசின் அளவும், மாலையின் விலையும், மதுரை வீதியின் வரிசையும் ஒரே எண்ணாக இருத்தல் தற்செயல் ஆகாது. அஃது அரசவையில் உறுதி செய்யப்பெற்ற தரத்தின் எண். அத்தரமே பின்னர் மறுகில் விலையாயிற்று. கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம் எடை எனக் கொண்டால் இஃது ஏறக்குறைய 5 கிலோகிராம் பொன்னாகும். இது காப்பிய மிகை என்பாரும் உளர். மிகையே ஆயினும் ஆகுக. தொகை பெரிது என்பதனைவிட, அது மாறாதது என்பதே நம் ஆய்வுக்கு வேண்டுவது. இந்திரவிழவு ஊரெடுத்த காதை காவற்கணிகையர், ஆடற்கூத்தியர், பூவிலை மடந்தையர் என ஒரே நிரலில் கூறுவதும் இவ்வரிசை முறை நகரத்தார் அறிந்த ஒன்று என்பதனை வலியுறுத்தும். (தலைக்கோலி என்னும் பட்டம் சோழர் கல்வெட்டுக்களிற் கோயிற் பெண்டிர்க்கும் வழங்கியுள்ளது. அதுகொண்டு தஞ்சைப் பெரிய கோயிலைச் சார்ந்த தளிச்சேரிப் பெண்டிரையும் மாதவியையும் ஒரு நிலையினராக்கிப் பேசுதல் பொருந்தாது. ஆளுக்கு ஒரு பங்காக நூறு கலம் நெல் பெற்று வாழ்ந்த அவர்கள் நிலை வேறு; அது தனியே ஆராயத்தக்கது.)

ஊர்காண் காதையில் இன்னொரு செய்தியும் உண்டு. மதுரைக் கணிகையர் வீதிகளைக் கூறியபின் அடிகள் அங்காடி வீதியையும், மணிகளும் பொன்னும் அறுவையும் கூலமும் விற்கும் வீதிகளையும் அடுத்தடுத்துக் கூறிச் செல்கின்றார். கண்ணகியைக் கவுந்தியடிகள்பால் விட்டுச் சென்ற கோவலனின் கண் வழியே இவ்வீதிகள் யாவும் காட்டப்பெறுகின்றன. அப்பொழுது அவனுக்கு எஞ்சியிருந்த முதல் மனைவியின் சிலம்பே.

இனித் திருக்குறளுக்கு வருவோம். தொண்ணூற்றிரண்டாம் அதிகாரத்தின் பெயர் வரைவின் மகளிர். 'வரைவு' என்னும் சொல் அகப்பொருள் மரபில் திருமணத்தைக் குறிக்கும். எல்லை வகுத்தலையும், தக்கது இன்னது எனத் தெரிந்து கொள்ளுதலையும் குறிக்கும். பரிமேலழகர் பின்னைய பொருளையே கொண்டு, விலை தருவார் யாவர்க்கும் தம் நலத்தை விற்பதன்றித் தக்கார் தகாதார் என்னும் வரையறை இல்லாதவர் என விளக்கினார். உரை சிறந்ததே. ஆயினும் புகாரின் மாலையை இதனருகே வைத்துப் பார்க்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. வரைவு இன்மை அம்மகளிரின் குணமா, அன்றி அவர்மேல் வைக்கப்பெற்ற முறையா? மாதவிக்கு வரைய இடம் கொடுக்கப்பெறவில்லை. விலை அவளுக்காக வரைந்தது. பறிக்கப்பெற்ற ஒன்றை இல்லாமை குற்றமாகக் கொள்ளப்பெறுமாயின், அப்பெயரீட்டில் ஒரு பக்கமே பேசப்பெறுகின்றது என்றல் பிழையாகாது. வள்ளுவர் இவ்வதிகாரத்தைக் காமத்துப்பாலில் வையாது பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் முன்னர் வைத்தமை, அவர் நோக்கு ஆடவனது குடிப்பொருளின் அழிவின் மீது இருந்தது என்பதனைப் புலப்படுத்தும். அவ்வதிகாரத்து இரண்டாம் குறளில் 'தூக்கி' என்னும் நிறுத்தற்சொல் இருமுறை வருகின்றது: அம்மகளிர் பயனைத் தூக்குகின்றனர், ஆடவன் அவர் நலத்தைத் தூக்கி விலகவேண்டும். துலாக்கோல் இருவர் கையிலும் உள்ளது போலத் தோன்றினும், புகாரில் அதனைப் பிடித்திருந்தவர் தாயும் கூனியுமே.

வடமொழி நூல்களோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தின் ஆறாம் பகுதியாகிய வைசிகம், எவரை ஏற்றல் தகும், எவரை விலக்கல் தகும் என்பதனைக் கணிகையின் பக்கம் நின்று ஆராய்கின்றது. பாடலிபுத்திரத்துக் கணிகையர் வேண்டத் தத்தகர் இப்பொருள் பற்றித் தனிநூல் செய்தார் என்றும் அந்நூல் கூறும். சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் உஞ்சை நகரத்து வசந்தசேனை, பதினாயிரம் பொன் பெறுமான அணிகலனுடன் வந்த வண்டியைத் தாய் கூறியும் ஏற்காது, வறியனாகிய சாருதத்தனை விரும்புகின்றாள். ஆண்டும் விலை உண்டு, தாய் உண்டு. எனினும் மறுக்கும் உரிமை நூலில் இடம் பெறுகின்றது. அரங்கேற்று காதையில் மாதவியின் சொல் ஒன்றேனும் இல்லை.

சங்க இலக்கியத்து மருதத்திணையில் நிலை முற்றிலும் இவ்வாறில்லை. குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனாரின் பரத்தை, தன்னிடத்துப் பெருமொழி கூறிச் சென்ற தலைவன், தன் மனையில் மகனின் தாய்க்கு முன் கண்ணாடிப் பாவைபோல் கையும் காலும் தூக்குகின்றான் என எள்ளி நகையாடுகின்றாள். தேர்ந்தவனையே தேர்வுக்கு உட்படுத்தும் குரல் அது. தொல்காப்பியர் கற்பியலில் தோழி, தாய், பாணன் முதலாகப் பன்னிரு வாயில்களைக் கூறினார். அவ்வாயில்கள் தலைவியின் ஊடல் தீர்க்கச் செல்வோர். பரத்தையைக் காட்டிக் கொடுப்பதற்கென ஒரு வாயிலை இலக்கணம் வகுக்கவில்லை. நகரம் பெருகி, வருவோன் யாவன் என அறியாத நிலை தோன்றியபோதுதான் மறுகில் நிற்கும் கூனி தேவைப்பட்டாள் எனக் கொள்ளலாம்.

உவமையிலும் இம்மாற்றம் காணப்பெறுகின்றது. அகப்பாடல்களில் மலர்தோறும் திரியும் வண்டு பெரும்பாலும் தலைவனே. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் இரவைப் பாடுமிடத்து, தாதுண்டு வெறும்பூவைத் துறக்கும் வண்டாக வருபவர் செல்வரின் பொருளைக் கவரும் மகளிர். மணிமேகலையில் சித்திராபதியும், கணவனோடு இறக்கும் பத்தினியர் அல்லேம் நாம் எனக் கூறி, பாணன் இறந்தபின் வேறு கை செல்லும் யாழையும், தேனற்ற பூவை நீக்கும் வண்டையும் தம் குலத்திற்கு உவமை ஆக்குகின்றாள். வண்டு தானே சென்று தானே நீங்கும். யாழோ பிறர் கையால் எடுக்கப்பெறும். இரண்டனையும் ஒரே மூச்சில் கூறிய சித்திராபதி தன் தொழிலின் உண்மையைத் தன்னை அறியாமலே உரைத்துவிட்டாள் என்று நாம் கருதுகின்றோம்.

பிற்காலத்து விறலிவிடு தூது நூல்களில் அரசவையின் தரவரிசை மறைந்து, தாய்க்கிழவியின் சூழ்ச்சியே மேலோங்கி நிற்கின்றது. அந்நூல்கள் நகைச்சுவையைப் பெருக்கின, கேள்வியைப் பெருக்கவில்லை. அம்மனையினுள் வளர்ந்த பெண்ணொருத்தியின் எழுத்தாகவே அக்கேள்வி வெளிப்படுதற்கு 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வெளிவரும் வரை தமிழ் காத்திருக்க நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

மீண்டும் மாதவியிடம் வருவோம். மாலையொன்று மறுகில் கோவலனிடம் நீட்டப்பெறுவது காப்பியத்தில் ஒருமுறை அன்று, இருமுறை. கானல்வரிக்குப் பின் அவன் பிரிந்து செல்ல, வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் தன் உள்ளத்தைத் தானே எழுதி, அம்மலர்மாலையை வசந்தமாலையின் கையில் கொடுத்து அனுப்புகின்றாள். வசந்தமாலை அதனைக் கூல மறுகில் கோவலனிடம் கொடுக்கின்றாள். முன்னைய மாலையை மனையோர் அனுப்பினர், இதனை மாதவியே அனுப்புகின்றாள். முன்னதற்கு விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு, இதற்கு விலை இல்லை. கோவலன் முன்னதைக் கொண்டான். இதனைக் கொள்ள மறுத்தான். மறுத்தற்கு அவன் கூறிய காரணம், அவள் ஆடல்மகள் ஆதலின் இத்தகைய நடிப்புக்கள் அவளுக்கு இயல்பே என்பது. விலைகொடுத்து அடைந்தவன், விலையின்றி வந்ததை நம்ப இயலாதவனாயினான். இரண்டாம் மாலையே மாதவி செய்த வரைவு என்று கொள்வதில் நமக்குத் தடையொன்றும் தோன்றவில்லை. கோசிகமாணி வழியாக வந்த இரண்டாம் ஓலையைப் புறஞ்சேரி இறுத்த காதையில் படித்த பின்னரே, தீது அவளுடையதன்று, தன்னுடையது எனக் கோவலன் தெளிகின்றான். அப்பொழுது அவன் மதுரைக்குச் செல்லும் வழியில் இருந்தான்.

அவன் இறந்த செய்தி கேட்ட மாதவி, மணிமேகலை கணிகையர் கோலம் காணாதொழிக எனத் தன் தாய்க்கு உரைத்து, கோதைத் தாமத்தைக் கூந்தலொடு களைந்து அறம் பூண்டாள் என நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறுகின்றான். சித்திராபதி அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. விழாவில் ஆடவேண்டும் என முதலில் வசந்தமாலையை அனுப்புகின்றாள். அது பயன்படாது போகவே, பின்னர்த் தானே உதயகுமரனின் மனைக்குச் செல்கின்றாள்.