வன்னிக்குப் பிந்தி வந்த போன்

இலங்கையில் கைத்தொலைபேசி 1989ஆம் ஆண்டே வந்துவிட்டது. செல்டெல் நிறுவனம் கொழும்பில் தொடங்கிய அந்தச் சேவைதான் தெற்காசியாவுக்கே முதலாவது. எங்களுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. அடுத்த வருசம் ஜூனில் சண்டை மறுபடி மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. கொண்டுபோகக் கூடாத சாமான்களில் பெற்றோல், சீமெந்து என்பவற்றோடு ரோச்லைற்றுக்குப் போடும் பற்றறியும் ஒன்று.

நான் புதுக்குடியிருப்பில் றேடியோ திருத்தப் பழகியவன். பற்றறி இல்லாத ஊரில் றேடியோ எப்படிப் பாடியது என்று இப்போதைய பெடியள் கேட்பார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுப்போம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். ஆகவே நடுவில் நாலு டையோட், ஒரு கொண்டென்சர். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார்; மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுபவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். அந்த நாலு டையோட்தான் என் தொழிலுக்கு அரிச்சுவடி. இன்றைக்குக் கிளிநொச்சியில் என் கடை மேசைக்கு வரும் சாஜரைக் கழற்றினாலும் உள்ளே அதே வேலைதான் நடக்கிறது, சின்ன உருவத்தில்.

வெளிநாட்டுக் கோல் வேண்டுமென்றால் வவுனியாவுக்குப் போகவேண்டும். பாஸ் எடுத்து, சோதனை தாண்டிப் போய், கொமினிக்கேஷன் கடையில் காத்திருப்பது. கனடாவிலிருக்கும் மகனுக்கு முதலே கடிதம் போயிருக்கும்: இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன கடை நம்பர். கடிதம் பிந்தினால் கோலும் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 வீதி திறப்பு. அதன்பிறகு போக்குவரத்து இலேசாயிற்று. ஆனால் கவரேஜ் வரவில்லை. 2003இல் நொக்கியா 1100 வெளிவந்து உலகமெல்லாம் விற்றபோது, வவுனியா ரவுணில் இருந்த எங்கள் சொந்தக்காரர் பலரிடம் அது இருந்தது. ஓமந்தை தாண்டி எங்கள் பக்கம் வந்தால் அதில் வேலை செய்வது மணிக்கூடும் ரோச்சும் பாம்பு விளையாட்டும் மட்டுமே. அதையும் வாங்கி வாங்கிப் பார்ப்போம்.

ஆகவே மற்ற ஊர்களில் ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது போனுக்கு மாறிய காலத்தில் எங்களிடம் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வன்னியில் போனின் கதை 2009இல் போர் முடிந்த பிறகுதான். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து சனம் கட்டம் கட்டமாக மீள்குடியேறியது. கடைசிக் குடும்பங்கள் வெளியே வர 2012 செப்ரெம்பர் ஆயிற்று. றோட்டோரம் கோபுரங்கள் எழும்பின. வீட்டுக்குக் கூரைத் தகரம் வரமுன்னமே கையில் போன் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. ஜெனறேற்றர் வைத்திருந்த கடைகளில் ஒரே பலகையில் வரிசையாகப் போன் சாஜ் ஏறும், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பேப்பர் துண்டு. நொக்கியாவின் பழைய சாஜருக்குத் தடித்த பின், புதியதுக்கு மெல்லிய பின். இரண்டையும் வைத்திருந்தவன்தான் கெட்டிக்காரன். எங்கள் ஆட்கள் போன் வாங்கும்போது முதலில் பார்த்தது ரோச் இருக்கிறதா என்று. இரவில் வயல் காவலுக்குப் போகிறவனுக்கு யானை நிற்பது தெரியவேண்டுமே.

பிறகு வெளிநாட்டிலிருந்து பைகளில் போன் வரத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த சிலவற்றைத் திறந்து பார்த்தால் சிம் போட இடமே இராது. அங்கே பெல், டெலஸ் போன்ற கொம்பனிகள் அப்போது சீடிஎம்ஏ முறையில் சேவை கொடுத்தன. அந்த முறைக்குச் சிம் தேவையில்லை. நல்ல விலைப் போன், அண்ணன் ஆசையாக அனுப்பியது, இங்கே விளையாட்டுச் சாமான். அதை வாங்கியவருக்கு விளங்கப்படுத்துவது திருத்துவதைவிடப் பெரிய வேலை.

பட்டன் போனிலிருந்து ரச் போனுக்கு மாறவைத்தது, என் கணக்கில், ஃபேஸ்புக் அல்ல, வைபரும் இமோவும். இலவசமாக முகம் பார்த்துப் பேசலாம் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? அதோடு இன்னொன்றும் நடந்தது, அதுதான் பெரிது. முள்ளிவாய்க்கால் வரையான இடப்பெயர்வில் எங்கள் வீடுகளின் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கலியாணப் படம், சாமத்தியப் படம், பள்ளிக்கூடப் படம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் முந்திக் கடிதத்தோடு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிய பிரதிகள் அங்கே இருந்தன. அவற்றை அவர்கள் போனால் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் பல வீடுகளுக்கு அல்பம் திரும்பி வந்தது, ஒரு மெமறி காட்டுக்குள்.

இதனால் போன் மாற்ற வருகிற தாய்மாரின் கேள்வி விலையில் தொடங்காது.

“தம்பி, இதுக்குள்ள கிடக்கிற படம் ஒண்டும் போகாதே?”

“போகாது அம்மா. உங்கட முன்னால வைச்சே ஏத்தித் தாறன்.”

சொல்வது சுகம். படம் மெமறி காட்டில் இருந்தால் பிரச்சினையில்லை. போனுக்குள்ளேயே இருந்து, திரையும் செத்திருந்தால், முதலில் வேறு திரை கொழுவி உயிர்ப்பிக்க வேண்டும். கூகிள் கணக்கில் ஏறியிருந்தால் பாஸ்வேர்ட் தெரியாது. அதை ஆரம்பத்தில் போட்டுக்கொடுத்தது போன் விற்ற கடைப் பெடியன், அவன் இப்போது கட்டாரில். நான் அந்த அம்மாவிடம் கேட்பது மகளின் பெயர், பிறந்த வருசம், வீட்டு நாயின் பெயர். சிலவேளை சரிவரும்.

நல்ல போனையே மாற்றவேண்டி வந்ததும் உண்டு. 2020 பெப்ரவரி 1 முதல் அன்ட்ரொய்ட் 2.3.7உம் அதற்கு முந்தியதும் உள்ள போன்களில் வட்ஸ்அப் நின்றது. 2023 ஒக்ரோபரில் 4.1 முதல் 4.4 வரையானவற்றிலும் நின்றது. கீறல்கூட இல்லாத போன், பற்றறி ஒரு நாள் நிற்கிறது, ஆனால் பிரான்சிலிருக்கும் பேரன் தெரியமாட்டான். இதை நான் அநியாயம் என்றுதான் சொல்லுவேன்.

விலை ஏறிய காலம் எனக்கு மறக்காது. 2021 செப்ரெம்பரில் போன் உட்பட நூற்றுக்கணக்கான சாமான்களை இறக்குமதி செய்ய முழுப்பணத்தையும் வங்கியில் முன்வைப்பாகக் கட்டவேண்டும் என்று மத்திய வங்கி சொன்னது. அடுத்த வருசம் மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஆயிற்று. 2024 ஜனவரியில் போனுக்கு 18 வீத வற் வரியும் வந்தது. புதுப் போன் கைக்கெட்டாமல் போக, அலுமாரிக்குள் கிடந்த நொக்கியாக்கள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. திருத்துபவனுக்கு அது நல்ல காலம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். இப்போது பாவித்த போன் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் ஐஎம்ஈஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன். பதியாத போன் மலிவு, ஆனால் தலையிடி.

போன் எத்தனை மாறினாலும் நம்பரை மாற்றுகிறவர்கள் இங்கே குறைவு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்த படிவத்தில் அந்த நம்பர்தான் எழுதியிருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்ததிலும் அதுதான். பெரிய சிம்மை மைக்ரோ அளவுக்கு வெட்டி, பிறகு நனோ அளவுக்கு வெட்டி, ஒரே சிம்மை இரண்டு தரம் என் கட்டருக்குள் வைத்தவர்கள் இருக்கிறார்கள். வெட்டும்போது பக்கத்தில் நின்று மூச்சே விடமாட்டார்கள். புதுச் சிம் எடுங்கோ, அதே நம்பர் கிடைக்கும் என்றால், அங்கேதான் முடிச்சு. 2010இல் முகாமிலிருந்து வந்தவர்களில் பலரிடம் அடையாள அட்டை இல்லை; சிம் எடுத்தது மச்சானின் பெயரில், சின்னம்மாவின் பெயரில், தெரிந்த கடைக்காரரின் பெயரில். நம்பர் இவருடையது, பதிவு இன்னொருவருடையது. பதிந்தவர் உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். சின்னம்மா செத்துப்போயிருந்தால் மரணச் சான்றிதழோடு போகவேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்தில் ஒரு நாள். நான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறேன், அதற்குக் காசு எடுப்பதில்லை.