மகிழுந்து கழுவுதலும் மெருகேற்றலும்

மகிழுந்து கழுவுதலும் மெருகேற்றலும் என்பது மகிழுந்தின் வெளிப்பரப்பில் படியும் தூசு, சேறு, பறவை எச்சம் முதலியவற்றை நீக்கி அதன் வண்ணப்பூச்சைக் காக்கும் பராமரிப்புப் பணியாகும். பணிமனைக்குச் செல்லாமல் சில நூறு ரூபாய்ச் செலவில் இதனை வீட்டிலேயே செய்துகொள்ள இயலும். இக்கட்டுரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் சூழலை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

வண்ணப்பூச்சின் அமைப்பு

இக்கால மகிழுந்துகளில் தகட்டின் மீது அடிப்பூச்சும், அதன் மீது நிறப்பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற ஒளிபுகும் மேற்பூச்சும் உள்ளன. இம்மேற்பூச்சின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையே இருக்கும். இது தலைமயிரின் தடிமனை விடக் குறைவாகும். தேய்ந்த மேற்பூச்சு மீண்டும் வளர்வதில்லை. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் இத்தகைய மேற்பூச்சு இல்லாமல் நிறப்பூச்சே மேலடுக்காக இருந்தது. மெருகேற்றும் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது அவ்வகைப் பூச்சு என அறியலாம்.

நெல் தூசும் வைக்கோலும்

குறுவை அறுவடை நடைபெறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சம்பா, தாளடி அறுவடை நடைபெறும் சனவரி, பெப்ரவரி மாதங்களிலும் படுகையின் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் உலர்த்தப்படுகின்றன. அப்போது வண்டிகளின் மீது படியும் தூசு ஏனைய இடங்களின் தூசு போன்றதன்று. நெல் உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா ஆகும். அதாவது உமித்தூசு ஓர் இயற்கை உப்புத்தாள். இதனை உலர்ந்த துணியால் துடைப்பதே மேற்பூச்சில் வட்ட வட்டமான நுண்கீறல்கள் தோன்ற முதன்மைக் காரணமாகும். நாள்தோறும் காலையில் துணியால் தட்டித் துடைக்கும் வழக்கம் வண்டியைக் காப்பதை விடக் கெடுப்பதே அதிகம்.

சாலையில் பரப்பிய வைக்கோலின் மீது ஓட்டிச்செல்லும்போது அது வண்டியின் அடியில் சுற்றிக்கொள்வதும் உண்டு. புகைபோக்கிக் குழாயும் வினையூக்கி மாற்றியும் பல நூறு பாகை செல்சியசு வரை சூடேறுவதால் அந்த வைக்கோல் தீப்பற்றக்கூடும். எனவே அறுவடைக் காலத்தில் கழுவும் முன், இயந்திரம் ஆறிய பிறகு, அடிப்பகுதியைப் பார்த்து வைக்கோலைக் கையால் அகற்றுதல் இன்றியமையாதது.

கழுவும் முறை

வண்டி நிழலில் நிற்க வேண்டும். தகடு தொட்டால் சூடாக இருக்கக்கூடாது. முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஊற்றித் தூசை ஊறவைத்து வழியவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளிகள் தேவைப்படும். ஒன்றில் மகிழுந்துக்கான ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கான நீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்த பின்பும் துணியை அலசிவிட்டே மீண்டும் ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிச் சக்கரங்களில் முடிக்க வேண்டும். சக்கரத்திற்குப் பயன்படுத்திய துணி கதவுக்கு ஆகாது.

மைக்ரோஃபைபர் துணி சிறந்தது. அது இல்லாதபோது பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டித் துணியைப் பயன்படுத்தலாம். தையல் மடிப்பையும் கரையையும் வெட்டிவிட வேண்டும். சலவைத்தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடுகின்றன. மண்ணெண்ணெய் இட்டுத் துடைத்தால் ஒருநாள் மினுக்கம் கிடைக்கும். மறுநாள் அந்த எண்ணெய்ப் பசையில் இருமடங்கு தூசு ஒட்டும், இரப்பர்ப் பட்டைகளும் கெடும்.

நீர்

இரப்பர்க் குழாயில் நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் கால் மணி நேரம் பாய்ச்சினால் 150 லிட்டர் செலவாகும். 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி நீரே போதுமானது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் கடினநீராக இருப்பதால், தானாக உலரவிட்டால் கால்சிய, மக்னீசிய உப்புகள் வெண்புள்ளிகளாகப் படிகின்றன. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உவர்நீர் துருவையும் வரவழைக்கும். மழைநீர் மென்னீர் ஆதலால் கடைசி அலசலுக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, தொட்டி உள்ள வீடுகளில் இதற்கும் உதவுகிறது.

ஆற்றுப் படித்துறையிலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கம் உண்டு. கலங்கல் நீரின் மணல் பூச்சைக் கீறும் என்பது ஒருபுறமிருக்க, வண்டியின் எண்ணெயும் சோப்பும் அதே நீரில் குளிப்போரையும் கீழ்மடை வயல்களையும் சென்றடைகின்றன. நீர்நிலைகளில் மாசுப் பொருள்களை விடுவதை 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.

மெருகேற்றல்

பாலிஷும் மெழுகும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட் ஆகியன நுண்துகள்களால் மேற்பூச்சைச் சிறிதளவு தேய்த்துக் கீறலை மறைப்பவை. மெழுகு எதையும் தேய்ப்பதில்லை. மேலே ஒரு காப்புப் படலம் இடுகிறது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னூபா மெழுகு இதற்குப் புகழ்பெற்றது. எனவே பாலிஷ் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. மெழுகை இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இடலாம். நீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவி நின்றால் மெழுகு தீர்ந்துவிட்டது என்று பொருள். நகம் சிக்கும் அளவு ஆழமான கீறல் பாலிஷால் போகாது. குத்துவிளக்கிற்குப் பயன்படும் புளியை அலுமினியக் கலவைச் சக்கரங்களில் தேய்த்தால் அவை மங்கிவிடும்.

ஆயுத பூசை

ஆண்டில் ஒருமுறை மட்டுமே கழுவப்படும் வண்டிகளும் ஆயுத பூசைக்குக் கழுவப்படுகின்றன. அன்று வைக்கும் மஞ்சளும் குங்குமமும் வெயிலில் பல நாள் நின்றால் கறை பிடிக்கும், வெளிர்நிற வண்டிகளில் குறிப்பாக. கண்ணாடியிலோ எண் பலகையிலோ பொட்டு வைப்பது நன்று. முன்புறம் வாழைக்கன்று கட்டும் கயிறு ஓட்டத்தில் உராய்ந்து கோடு விழச் செய்வதால், கயிற்றின் அடியில் துணி மடித்து வைக்கப்படுகிறது.