சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருந்தது

தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள், சென்ட்ரலுக்குப் போக இறங்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘சென்னை பூங்கா’ என்று எழுதியிருக்கும். வெளியே வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை, அரசுப் பொது மருத்துவமனை, ஆட்டோக்களின் நெரிசல். பூங்காவைக் காணோம். சாலையைக் கடந்தால், ரிப்பன் மாளிகை தொடங்கிப் பெரியமேடு வரை மண்டபமும் ஸ்டேடியமும் ரயில் நிலையமுமாக நிற்கிற நிலம்தான் அது. பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். பரப்பு 116 ஏக்கர்.

அதை உருவாக்கியவர் 1859-இல் சென்னைக்கு கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யன். அவர் அந்தப் பதவியில் இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல்தான். வருமான வரி விதிக்க கல்கத்தா அரசு எடுத்த முடிவை எதிர்த்துத் தன் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். 1860-இல் திரும்ப அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் தொடங்கிவைத்த காரியங்களில் ஒன்று இந்தப் பூங்கா. இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் அன்றைய கருப்பர் நகரத்தின் சந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் மாலையில் காலாற நடக்க ஓரிடம் வேண்டும் என்பது நோக்கம். கோட்டைக்குள்ளும் தோட்ட பங்களாக்களிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. நகரத்து மக்களுக்குத்தான் பூங்கா தேவைப்பட்டது.

அடுத்த கால் நூற்றாண்டில் பூங்கா நன்றாக வளர்ந்தது. 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பொதுக் குளிப்பிடம், டென்னிஸ் மைதானங்கள், பேண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை. எல்லாப் பாதைகளையும் ஒருவர் நடந்து முடிக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். அவசரமில்லாதவருக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்கத் தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் கூட்டத்தை இழுத்தது மிருகங்கள்தான். அந்தக் கதை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. அதன் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். ஓராண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. அருங்காட்சியகம் அவற்றை எத்தனை நாள் தாங்கும்? 1860-களின் தொடக்கத்தில் அவை நகராட்சியின் பொறுப்பில் பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு கோடிக்கு வந்து சேர்ந்தன. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியூரிலிருந்து ரயிலேறிப் பட்டணம் பார்க்க வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நேரே இங்கே வந்தன. அவர்கள் வாயில் மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’ ஆனது. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆனது. ஊர் திரும்பியதும் இரண்டு காலேஜையும் பார்த்தாயிற்று என்று சொன்னால்தான் பட்டணம் பார்த்த கணக்கு.

ஆண்டுக் கடைசியில் பூங்காவில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பேரிழப்புக்குப் பிறகும் பூங்காவுக்கு மக்கள் வருவது நிற்கவில்லை.

பூங்கா சுருங்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். நகரத்துக்குப் பொது மண்டபம் ஒன்று வேண்டும் என்று பிரமுகர்கள் கூடிப் பேசினார்கள். பூங்காவிலிருந்து 57 மனை நிலம், மனைக்கு ஆண்டுக்கு எட்டணா வீதம், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 1883-இல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்ட, கட்டடக் கலைஞர் சிஸம் வரைந்த திட்டப்படி செங்கல் சிவப்பில் விக்டோரியா ஹால் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கேதான். 1897-இல் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான். இப்படி ஒரு மண்டபத்துக்கு இடம் கொடுத்ததை யார் குறை சொல்ல முடியும்?

அடுத்து வந்தது சந்தை. பிராட்வே பக்கம் நெரிசலில் திணறிய கடைக்காரர்களுக்காக 1898-இல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். 1900-இல் மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டில் கிளி, முயல் குட்டி என்று அங்கே கிடைக்காத பொருளே இல்லை. பிறகு மாநகராட்சியே தனக்கு இடம் எடுத்துக்கொண்டது: 1909-இல் அடிக்கல், 1913-இல் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. அதன் பின்புறம், இன்று நேரு ஸ்டேடியம் எனப்படும் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அந்த மைதானத்தில்தான். அந்தச் சாதனையை முறியடிக்க டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு 52 ஆண்டு ஆயிற்று.

1985-ஆம் ஆண்டு இந்த வட்டாரத்துக்கு இரண்டு அடி. மே 30-இல் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் வந்தது. ஜூலையில் வண்டலூரில் 1,265 ஏக்கர் காட்டு நிலத்தில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. உயிர் காலேஜ் ஊரை விட்டே போயிற்று. கூண்டுக்குள் நெருக்கடியில் கிடந்த விலங்குகளுக்கு அது நல்லதுதான். கடையிழந்த மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகம் கிடைத்தது. பூங்காவின் குளங்களில் ஒன்று இருந்த இடம் அது. பழைய புத்தகம் தேடிப் போகிறவர்கள் இன்று அந்தக் குளத்தின் மேல்தான் நடக்கிறார்கள்.

116 ஏக்கரையும் யாரும் ஒரே நாளில் பறித்துவிடவில்லை. மண்டபம், சந்தை, அலுவலகம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் எல்லாமே பொதுக் காரியங்கள். அதனாலேயே ஒவ்வொரு முறையும் எளிதாக அனுமதி கிடைத்தது. மொத்தத்தில் பறிபோனது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க ஆளில்லை. நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், பெரியமேட்டில், மை லேடீஸ் பூங்கா மட்டும் எஞ்சியிருக்கிறது. விடிகாலையில் அக்கம்பக்கத்தார் நடக்கவும் மதியத்தில் களைத்தவர்கள் மர நிழலில் உட்காரவும் இடமிருக்கிறது. டிரவெல்யன் நினைத்த காரியம் அந்தச் சின்னத் துண்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதன் வாசலில் பீப்பிள்ஸ் பார்க்கின் பழைய வரைபடத்தை மாநகராட்சி பெரிதாக வரைந்து வைக்க வேண்டும். 11 குளமும் எங்கே இருந்தன, எந்தக் கட்டடம் எந்த ஆண்டில் எவ்வளவு நிலத்தை எடுத்தது என்று கோடு போட்டுக் காட்டினால் போதும். இந்த மிச்சத்தையும் கேட்டு அடுத்த நல்ல திட்டம் ஒன்று வரும்போது, ‘முடியாது’ என்று சொல்வதற்கு ஊராருக்கு அது கையில் ஆதாரமாக இருக்கும்.