எண்ணப்படாதோரின் நலம்

பதிவேட்டில் இடம்பெறாதவனுக்கு உரிமையும் இல்லை, சேவையும் இல்லை என்பதை மலையக மக்களாகிய நாம் அனுபவத்தால் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய சமூகத்தினுள்ளேயே இன்றும் எண்ணப்படாத ஒரு சாரார் வாழ்கின்றனர். அவர்கள் திருநங்கையரும் திருநம்பியருமாவர்.

எண்ணிக்கையின் பயன் யாதென்பதற்கு எமது தோட்டங்களே சான்று. புள்ளிவிபரத் திணைக்களம் பெருந்தோட்டத்துறையைத் தனியாகக் கணக்கிடுவதனாலேயே, 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. வயதுக்கேற்ற உயரமின்றி வளரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதமாகவும் தோட்டங்களில் 31.7 சதவீதமாகவும் இருந்தனர். ஆனால் அதே ஆய்வு, திருமணமான அல்லது முன்னர் திருமணமாகியிருந்த 15 முதல் 49 வயது வரையான பெண்களிடமே விரிவாக வினவியது. தோட்டக் குழந்தையைக் கண்ட அந்தக் கண்ணாடியில் தோட்டத்துத் திருநங்கை தென்படவில்லை.

பிற நாடுகள் இத்துறையில் முயன்றுள்ளன. இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஆண், பெண் என்பவற்றுக்கு அப்பால் 'ஏனையோர்' என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதில் 4,87,803 பேர் பதிவாகினர். அவர்களது எழுத்தறிவு 56 சதவீதம். நாட்டின் சராசரியோ 74 சதவீதம். கனடா 2021இல் பிறப்பின்போதான பால், இன்றைய பாலினம் என இரு வினாக்களைத் தொடுத்தது. 15 வயதுக்கு மேற்பட்டோரில் 1,00,815 பேர், அதாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர், மாறிய பாலினத்தவராகவோ இரு பாலினத்துள்ளும் அடங்காதவராகவோ பதிவாகினர்.

எனினும் வினவும் முறை பிழைத்தால் விடையும் பிழைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் கேட்கப்பட்ட வினாவுக்கு, தமது பாலினம் பிறப்பில் பதிவான பாலிலிருந்து வேறுபட்டதென சுமார் 2 இலட்சத்து 62 ஆயிரம் பேர் விடையளித்தனர். ஆங்கிலம் சரளமாக அறியாதோரிடையே அவ்விடை மிகுந்து காணப்பட்டதால், வினா தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கலாமென்ற ஐயம் எழுந்தது. 2024இல் அப்புள்ளிவிபரங்களின் தரநிலை குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2015இல் 27,715 பேர் பங்குபற்றிய ஆய்வொன்றில், 40 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறினர். நெஞ்சை உலுக்கும் தகவல்தான். ஆயினும் தாமாக முன்வந்தோரின் விடைகள் முழுச் சமூகத்தின் அளவுகோலாகிவிடா. ஆகவேதான் குடித்தொகையிலிருந்து முறைப்படி தெரிவு செய்யப்பட்ட மாதிரிகளைக் கொண்ட ஆய்வுகள் அவசியமாகின்றன.

இப்பாடங்களை டிக்கோயாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். லயன் அறையின் வாசலில் கணக்கெடுப்பாளர் நிற்கிறார். குடும்பத்தலைவர் விடை சொல்கிறார். மறு காம்பராவில் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்கின்றது. அங்கே எந்தப் பிள்ளை உண்மையுரைக்கும்? தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு குறித்த அச்சமும் வாயை அடைக்கின்றது. வீட்டைத் துறந்து கொழும்புக்குச் சென்றவர் அங்கு எண்ணப்பட்டாலும் தோட்டத்தின் கணக்கில் வரமாட்டார். எனவே தனிமையில், தாமே விடையைக் குறிக்கும் வகையில், மலையக மக்களின் பேச்சுவழக்கில் முன்கூட்டியே பரீட்சித்த வினாக்களுடன், மறுக்கும் உரிமையையும் இரகசியத்தையும் உறுதிசெய்தே இவ்வாய்வு நடத்தப்படல் வேண்டும்.

வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வகை செய்தது. உளநல வைத்திய நிபுணர் வழங்கும் அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள இயலும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் இந்நிலையை உளநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியுள்ளது. 2017இல் 150 கட்டில்களுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை எம் அருகிலேயே உள்ளது. அங்கு உளநல ஆலோசனையும் ஹோர்மோன் சிகிச்சை வழிகாட்டலும் எவ்வளவு தேவையென்பதைத் திட்டமிட நம்பகமான எண்கள் வேண்டும்.

ஒரு காலத்தில் எம்மை எண்ண மறுத்தவர்களை நாம் குறை கூறினோம். அதே குறையை எமது பிள்ளைகளுக்கு நாமே இழைக்கலாகாது. அடுத்துவரும் சுகாதார ஆய்விலேனும் அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.