இன்குபேட்டருக்குப் பதில் அம்மா!

1978. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. அங்கிருந்த தாய் சேய் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் அதிகம், இன்குபேட்டர்களோ குறைவு. ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் படுக்க வைத்ததால் நோய்த்தொற்று பரவியது.

டாக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டார். குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டிவிட வேண்டும். சூடு தாயின் உடலிலிருந்து; உணவு தாய்ப்பால். கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல் இருந்ததால், 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர் வந்தது.

இது ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு மட்டும்தானா? இந்தியா, கானா உள்ளிட்ட 5 நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. எடை மிகக் குறைந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனே தாயோடு சேர்த்தபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

இயந்திரம் இல்லாத குறையில் பிறந்த வழி, இயந்திரம் இருக்கும் இடத்துக்கும் பாடமானது!