மரக்குற்றியும் மத்தியஸ்தரும்

பாரமான பொருளொன்றை நிலத்திலிருந்து எடுத்துத் தலைக்குமேல் உயர்த்தி நிற்பவனை வலியவன் என்று கொள்வது எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவான வழக்கம். அதனை உணர்ந்துகொள்ள மொழியும் வேண்டியதில்லை, விளக்கமும் வேண்டியதில்லை. ஆயினும், ஒருவன் தூக்கிவிட்டான் என்று ஆரவாரம் செய்வது எளிது. சரியாகத் தூக்கினான் என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. முழங்கை முற்றாக நிமிர்ந்ததா, முழங்கால் மடங்கியதா, முதுகு பின்னே சாய்ந்ததா என்னும் வினாக்கள் எழுந்தவுடனே, வலிமையைப் பற்றிய போட்டி நீதியைப் பற்றிய வழக்காக மாறிவிடுகின்றது. மரக்குற்றியைத் தலைக்குமேல் தூக்கும் போட்டி உலகில் தோன்றி நிலைபெற்ற வரலாறு, ஒரு வகையில் இவ்வழக்கின் வரலாறே எனலாம்.

நவீன ஒலிம்பிக் விளையாட்டுக்கள் 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் முதன்முறையாக நடைபெற்றபோதே இவ்வழக்குத் தொடங்கிவிட்டது. இரு கைகளாலும் பாரந்தூக்கும் போட்டியில் டென்மார்க் நாட்டு விகோ யென்சனும், பிரித்தானியாவைச் சேர்ந்த லான்ஸ்டன் எலியட்டும் ஒரே எடையை, அதாவது 111.5 கிலோவை, உயர்த்தினர். இருவருள் எவர் வென்றவர்? மத்தியஸ்தம் வகித்த கிரேக்க இளவரசர் ஜோர்ஜ், யென்சன் தூக்கிய முறையே செம்மையானது எனக் கூறி வெற்றியை அவருக்கு அளித்தார். பிரித்தானியர் இத்தீர்ப்பை ஆட்சேபித்தனர். பின்னர் நடந்த ஒரு கைப் போட்டியில் எலியட் 71 கிலோவைத் தூக்கி வென்றமையால் மனக்குறை ஒருவாறு தணிந்தது. ஆனால் வினா தணியவில்லை. எடையைத் தராசு சொல்லும். செம்மையை யார் சொல்வது?

அக்காலத்தில் வலிமையைக் காட்டிப் பொருளீட்டிய மேடை வீரர் பலர் இருந்தனர். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப் பொருளொன்றை வைத்திருந்தனர். பிரான்சு நாட்டில் அப்பொலோன் என்னும் மேடைப் பெயரால் புகழ்பெற்ற லூயி யூனி என்பவரிடம் புகையிரதப் பெட்டிக்குரிய இரு சில்லுகள் பூட்டிய அச்சு ஒன்று இருந்தது. அதன் எடை 166 கிலோ. எடையைக் காட்டிலும் அந்த அச்சின் பருமனே பெரும் தடையாய் இருந்தது. சாதாரண மனிதனின் விரல்கள் அதனைச் சுற்றிப் பிடிக்க இயலாது. அதனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிற்காலத்தில் பெயர் பெற்றவர் மூவர்: 1930இல் பிரான்சின் சார்ல் றிகுலோ, 1949இல் அமெரிக்காவின் ஜோன் டேவிஸ், 1954இல் அமெரிக்காவின் நோர்பர்ட் செமான்ஸ்கி. மூவரும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற வீரர்கள். செம்மையாக அமைக்கப்பட்ட உருக்குத் தண்டைத் தூக்கும் வலிமை ஒன்று, முரட்டுப் பொருளைத் தூக்கும் வலிமை வேறொன்று என்பதை அச்சில்லுகள் உலகுக்கு உணர்த்தின.

ஒலிம்பிக் அரங்கிலோ முரட்டுப் பொருள்களுக்கு இடமில்லை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விளையாட்டுக்களிலிருந்து, இரு கைகளாலும் தூக்கும் மூன்று முறைகள் மட்டுமே நிலைத்தன. அவற்றுள் ஒன்று, தண்டைத் தோளுக்குக் கொணர்ந்து நின்று, காலின் உந்துதல் எதுவுமின்றிக் கைகளின் வலிமையால் மட்டும் மேலே தள்ளுவது. இதனை நாம் தோள்தள்ளல் என்போம். உடல் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பாரம் ஏற ஏற வீரர்கள் பின்னே சாயத் தொடங்கினர். இடுப்பைச் சற்றே முன்னே தள்ளி, முதுகை வில்லாக வளைத்து, நெஞ்சின் வலிமையையும் சேர்த்துப் பயன்படுத்தினர். எவ்வளவு சாய்ந்தால் குற்றம், எவ்வளவு சாய்ந்தால் மன்னிக்கத்தக்கது என்பதற்கு அளவுகோல் இல்லை. ஒரு மத்தியஸ்தர் ஏற்றதை இன்னொருவர் மறுத்தார். முதுகெலும்புக்கு நேரக்கூடிய தீங்கைப் பற்றிய அச்சமும் வளர்ந்தது. 1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கிற்குப் பின்னர் தோள்தள்ளல் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டிலே சோவியத் வீரர் வசீலி அலெக்சேயெவ் அம்முறையில் 236.5 கிலோவைத் தூக்கி நிலைநாட்டிய சாதனை, முறிக்க எவருமின்றி ஏட்டில் உறைந்துவிட்டது. வீரர்களிடம் வலிமை குன்றியதால் அன்று, தீர்ப்புக் கூற வழியின்மையாலேயே ஒரு போட்டி மறைந்தது என்பது சிந்தனைக்குரியது.

வீடிழந்த அவ்வலிமை ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறொரு வாயிலைக் கண்டது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், தொலைக்காட்சி நேயர்களுக்கென ‘உலகின் அதிவலிய மனிதர்’ என்னும் போட்டி தொடங்கப்பெற்றது. பாரந்தூக்குவோர், மல்லர், உடலழகர் எனப் பலதுறை வீரரையும் ஒரே களத்தில் நிறுத்தி, அன்றாடப் பொருள்களைத் தூக்கவும் இழுக்கவும் சுமக்கவும் செய்வதே அதன் நோக்கம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதுபோல, குளிர்சாதனப் பெட்டியும் கைவண்டியும் அங்கே ஆயுதங்களாயின. முதலாண்டில் குளிர்சாதனப் பெட்டியை முதுகிற் சுமந்து ஓடிய உடலழகர் பிராங்கோ கொலம்பு காலில் கடுங்காயமுற்றார். முதலிரு ஆண்டுகளிலும் வென்ற புரூஸ் வில்ஹெல்ம், 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிற் பாரந்தூக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போட்டி 1980இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் நடைபெற்றபோது மரக்குற்றி தூக்கல் அதில் இடம்பெற்றது. அவ்வாண்டிலும் தொடர்ந்த இரண்டு ஆண்டுகளிலும் பட்டத்தை வென்றவர் அமெரிக்கரான பில் கஸ்மையர். மல்லாந்து படுத்த நிலையில் 1981இல் 300 கிலோவை மேலே தள்ளியவர் அவர். அத்தகைய தோளுக்கு ஏற்ற சோதனையாக மரக்குற்றி அமைந்தது.

குற்றி என்றதும் காட்டிலே வெட்டிய அடிமரத்தையே நாம் எண்ணுவோம். மெய்யான மரமும் சில களங்களிற் பயன்படுவதுண்டு. ஆயினும் பெரும் போட்டிகளிற் பெரும்பாலும் காணப்படுவது குற்றியின் வடிவில் உருக்கால் அமைந்த உருளையே. அதன் உடலில் இரு குழிகள் வெட்டி, உள்ளே ஒன்றுக்கொன்று இணையாக இரு கைபிடிகள் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் இரும்புத் தட்டுக்களைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு எடையைக் கூட்டலாம். இவ்வாறு, பார்வைக்கு மரமாகவும் கணக்குக்குத் தராசாகவும் அப்பொருள் மாறியது.

அதனைத் தூக்கும் முறை உருக்குத் தண்டைத் தூக்கும் முறையினின்றும் வேறானது. தண்டைப் பிடிக்கும்போது உள்ளங்கைகள் ஒரே பக்கம் நோக்கும். குற்றியிலோ அவை ஒன்றையொன்று நோக்கும். தண்டு மெல்லியது; ஆகையால் உடலை ஒட்டியே மேலேறும். குற்றியோ பருத்தது; உடலுக்கு முன்னே தள்ளி நின்று, தூக்குபவனை முன்னோக்கி இழுக்கும். எனவே வீரன் முதலில் அதனை நிலத்திலிருந்து தொடைக்குக் கொணர்ந்து, குந்திய நிலையில் மடியில் அணைத்துக்கொள்கிறான். பின்பு இடுப்பை நிமிர்த்தி, வயிற்றின் மீதும் நெஞ்சின் மீதுமாக உருட்டிக் கழுத்தெலும்பின் அருகே ஏற்றுகிறான். அங்கே ஒரு மூச்சு வாங்கி, கால்களைச் சற்றே மடக்கி, அவற்றின் உந்துதலோடு கைகளால் மேலே செலுத்துகிறான்.

இந்த இறுதிச் செயலிலேதான் பழைய வழக்குக்கு ஒரு தீர்வு கிடைத்தது. தோள்தள்ளலிற் காலின் உதவி குற்றமாயிருந்தது; குற்றி தூக்கலில் அது குற்றமன்று. முதுகு எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கும் வேலையும் மத்தியஸ்தருக்கு இல்லை. அவர் பார்க்க வேண்டியவை இறுதி நிலையில் உள்ள சிலவே: முழங்கைகள் நிமிர்ந்தனவா, முழங்கால்கள் நிமிர்ந்தனவா, பாதங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, பாரம் வீரனின் ஆளுகைக்குள் அசையாது நிற்கின்றதா. இவை நிறைவேறினால் அவர் இறக்கும்படி சைகை செய்வார். அச்சைகைக்கு முன் குற்றியைக் கீழே விட்டவனின் முயற்சி செல்லாது. வழியை ஆராயாது முடிவை மட்டும் ஆராய்வதால், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனும் தீர்ப்பைத் தன் கண்ணாற் சரிபார்க்க முடிகின்றது. முரட்டுப் பொருளாக வந்த மரக்குற்றி நிலைத்து நின்றதற்கு இத்தெளிவு ஒரு முக்கிய காரணம் எனலாம்.

போட்டி இரு வகையாக நடைபெறும். குறித்த எடையைக் குறித்த நேரத்துள் எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுவது ஒரு வகை. எடையைப் படிப்படியாகக் கூட்டி, ஒரு முறையேனும் தூக்கக்கூடிய உச்ச எடையைக் காண்பது மற்றொரு வகை. சாதனைகள் எழுதப்படுவது இப்பின்னைய வகையிலே.

அச்சாதனைகளின் வரிசையைக் காண்போம். 1988ஆம் ஆண்டில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் உலகப் போட்டி நடந்தபோது, பல ஆண்டுகளுக்குப் பின் களத்துக்கு மீண்ட கஸ்மையர் 170 கிலோக் குற்றியை உயர்த்தினார். பட்டத்தை ஐஸ்லாந்தின் யோன் பால் சிக்மார்சன் பெற்றார்; ஆயினும் குற்றி கஸ்மையருக்கே உரியதாயிற்று. அதன் பின்னர் ஒலிம்பிக் மேடையிற் பயின்றோர் பலர் இக்களத்துக்கு வந்தனர். லத்வியா நாட்டுக்காக மூன்று ஒலிம்பிக் விளையாட்டுக்களிற் பாரந்தூக்கிய றைமன்ட்ஸ் பெர்க்மானிஸ் அவர்களுள் ஒருவர். 2015இல் அவர் தம் நாட்டின் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார்.

அடுத்து வந்த காலம் லிதுவேனியாவுக்கு உரியது. 1975இல் பிறந்த ஷிட்ரூனாஸ் சவிக்காஸ் என்பவரின் பெயரைக் கூறாது மரக்குற்றியின் வரலாற்றைக் கூற இயலாது. 2001ஆம் ஆண்டுப் போட்டியொன்றில், பெரும் பாரம் பூட்டிய நீண்ட தண்டைக் கைகளில் ஏந்தி வட்டமிட்டு நடக்கையில், அவருடைய இரு முழங்கால்களின் தசைநார்களும் அறுந்தன. குற்றியைக் கால்களின் உந்துதலாலேயே மேலே செலுத்த வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்விபத்தின் கொடுமை விளங்கும். அவர் மீண்டும் நடப்பதே பெரிது என்று கருதத்தக்க நிலையில், அடுத்த ஆண்டே உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் 2009, 2010, 2012, 2014 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. அவர் 2012இல் 220 கிலோவையும், 2015இல் 228 கிலோவையும் தலைக்குமேல் நிறுத்தினார். அவருடைய நாட்டுத் தலைநகரான வில்னியஸிற் குற்றி தூக்கலுக்கென்றே தனி உலகப் போட்டியும் நடத்தப்பெற்றது.

அந்த 228 கிலோ ஆறு ஆண்டுகள் அசையாது நின்றது. அதனைத் தாண்டியவர், இத்துறையில் எவரும் எதிர்பாராத ஒரு நாட்டிலிருந்து வந்தார். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள புர்க்கினா பாசோ நாட்டிற் பிறந்த செய்க் சனூ, சிறுவயதில் உடற்பருமன் காரணமாகப் பிற பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளானவர். படிப்பின் பொருட்டுக் கனடாவுக்குச் சென்ற இடத்தில் பாரந்தூக்கும் பயிற்சியில் ஈடுபட்டார். ‘அயன் பிபி’ என்ற பெயரால் உலகம் அறிந்த அவர், 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 229 கிலோக் குற்றியை உயர்த்தினார். முந்திய சாதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கிலோ. ஏளனத்துக்குக் காரணமாயிருந்த அதே உடல், தாய்நாட்டின் பெயரை உலகின் சாதனை ஏட்டில் எழுதிற்று.

கஸ்மையரின் 170 கிலோவிலிருந்து சனூவின் 229 கிலோ வரை, முப்பத்துமூன்று ஆண்டுகளில் 59 கிலோ உயர்ந்துள்ளது. எனினும், அலெக்சேயெவ் தூக்கிய 236.5 கிலோ இவ்வெண்களிலும் பெரிதல்லவா என்று ஒருவர் வினவக்கூடும். எண் பெரிதுதான். ஆனால் ஒன்று கைக்கு அடங்கும் தண்டு. மற்றொன்று மார்பை மறைக்கும் உருளை. ஒன்றில் காலின் உதவி இல்லை, மற்றொன்றில் உண்டு. ஆகையால், ஒரு சாதனை அதற்குரிய பொருளோடும் அதற்குரிய விதியோடும் சேர்த்தே படிக்கப்பட வேண்டியது. குற்றிகளின் பருமனும் களத்துக்குக் களம் வேறுபடுவதுண்டு. எல்லாப் போட்டிகளையும் ஆளும் ஒரே சங்கம் இத்துறையில் ஏற்படவில்லை. எனவே சாதனைக்கு உரிய குற்றியைத் தராசில் நிறுத்துக் காட்டுவதும், நடுநிலை தவறாத மத்தியஸ்தரை நிறுத்துவதும் இன்றியமையாதனவாகின்றன.

ஏதென்ஸ் நகரில் ஓர் இளவரசர் செம்மை என்னும் சொல்லால் வெற்றியாளரைத் தெரிந்தெடுத்தார். கிளாஸ்கோ நகரில் நிமிர்ந்த முழங்கையும் நிமிர்ந்த முழங்காலும் வெற்றியாளரைக் காட்டின. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்தவை 125 ஆண்டுகள். அக்காலத்தில் மனிதன் தூக்கிய எடை இருமடங்குக்கு மேல் ஏறிற்று என்பதை எண்கள் கூறும். அவ்வெண்களை வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு விதியைக் கண்டடைந்ததோ, எண்களில் அடங்காத வெற்றியாகும்.