இலக்கியப் பகுப்பாய்வுக் கட்டுரை

ஒரு கவிதை, சிறுகதை, நாவல் அல்லது நாடகத்தைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்து, அதை அந்தப் படைப்பிலிருந்தே சான்று காட்டி நிறுவும் உரைநடை இலக்கியப் பகுப்பாய்வுக் கட்டுரை எனப்படும். கதைச்சுருக்கமும் மதிப்புரையும் வேறு வகைகள். படைப்பு எவ்வாறு சொல்கிறது, அவ்வாறு சொல்வதால் என்ன பொருள் விளைகிறது என்பதே இதன் கேள்வி.

நுணுகிப் படிக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பரிமேலழகர், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் சொல்லுக்குச் சொல் நின்று பொருள் கண்டு, மறுப்புகளுக்கு விடையும் சொன்னவர்கள். இருபதாம் நூற்றாண்டில், 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ், நவீனப் படைப்புகளை வரிவரியாக ஆராயும் அலசல் விமர்சனத்துக்குக் களம் கொடுத்தது. பள்ளி, கல்லூரிகளில் இன்று எழுதப்படும் கட்டுரை இவற்றின் சிறிய வடிவமே.

மையக் கருத்து

கட்டுரையின் உயிர் அதன் மையக் கருத்து. அது ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்களில் அடங்க வேண்டும். படைப்பைப் படித்த ஒருவர் அதை மறுத்து வாதிடவும் இடமிருக்க வேண்டும். எவரும் மறுக்க முடியாத செய்தி கருத்தாகாது.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ சிறுகதையை எடுத்துக்கொள்ளலாம். கணவன் கோதம முனிவரின் சாபத்தால் கல்லாகி, இராமனின் பாதத்தூளி பட்டு உயிர் பெறும் அகலிகை, பின்னர் அவன் சீதையைத் தீக்குளிக்க வைத்ததைச் சீதையின் வாயாலேயே கேட்டு, மீண்டும் கல்லாகிறாள். ‘இது அகலிகையின் கதையை மாற்றிச் சொல்கிறது’ என்பது வெறும் தகவல். ‘இது பெண்ணின் துயரத்தைக் காட்டுகிறது’ என்பது நூறு கதைகளுக்குப் பொருந்தும். ‘முதல் முறை கல்லானது பிறர் இட்ட தண்டனை, இரண்டாவது முறை கல்லாவது, இராமன் தந்த விடுதலையை அகலிகை திருப்பிக் கொடுப்பது’ என்று எழுதினால் வாதம் பிறக்கிறது. அதை நிறுவியாக வேண்டிய பொறுப்பும் உடனே வந்துவிடுகிறது.

முன்னுரை

படைப்பின் பெயர், ஆசிரியர், பேசப்போகும் சிக்கல், மையக் கருத்து ஆகியவை இருந்தால் போதும். ஆசிரியரின் பிறப்பும் பெற்ற விருதுகளும் வாதத்துக்கு உதவாவிட்டால் வேண்டியதில்லை. முன்னுரையைக் கடைசியில் திருத்தி எழுதுவது நல்லது; எழுத எழுதத்தான் சொல்ல வந்தது தெளிவாகும்.

உடற்பகுதி

ஒவ்வொரு பத்தியும் மையக் கருத்தின் ஒரு கூற்றை எடுத்து, அதற்குச் சான்று தந்து, சான்றை விளக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது விளக்கத்தைத்தான். மேற்கோளைக் கொடுத்துவிட்டு, அது தானே பேசிக்கொள்ளும் என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். மேற்கோள் சிறிதாகவும், அதைப் பற்றிய பேச்சு அதைவிட நீளமாகவும் இருப்பதே முறை.

மேற்கண்ட வாதத்துக்கு ஒரு பத்தி, இரண்டாம் முறை சாபமிடுபவர் யாருமில்லை என்பதை எடுத்துக்கொள்ளலாம். முனிவரின் கோபம் இல்லாமலே கல் திரும்ப வருகிறது. ஆகவே அதன் காரணத்தை அகலிகையின் மனத்துக்குள் தேட வேண்டியிருக்கிறது. மற்றொரு பத்தி சீதையுடனான உரையாடலை ஆராயலாம். தனக்கு மன்னிப்பு வழங்கியவன், குற்றமே செய்யாதவளிடம் சான்று கேட்டிருக்கிறான் என்று அறியும் கணத்தில், தான் பெற்ற மன்னிப்பின் மதிப்பும் அகலிகைக்குக் குலைந்துபோகிறது. இராமாயணம் அறிந்த வாசகருக்குக் கதை பிடிக்காமல் போகலாம் என்று புதுமைப்பித்தன் முன்குறிப்பிலேயே சொல்லிவிடுவதும் சான்றுதான். நாம் அறிந்த இராமனை எதிரில் நிறுத்தியே இதைப் படிக்க வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

பத்திகள் கதை நிகழ்ந்த வரிசையில் அமையத் தேவையில்லை. வாதம் எந்த வரிசையில் வலுப்பெறுகிறதோ அதுவே கட்டுரையின் வரிசை. ‘அடுத்து’, ‘அதன் பிறகு’ என்றே பத்திகள் தொடங்கினால், கட்டுரை கதைச்சுருக்கமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

எதிர்ச்சான்றை மறைக்கக் கூடாது. முடிவில் தன்னை நெருங்கும் கோதமன், முன்பு அவன் உருவில் வந்து ஏமாற்றிய இந்திரனாகவே அகலிகையின் கண்ணுக்குத் தோன்றுகிறான். இதைப் பார்த்தால் அவள் கல்லாவது அவளுடைய தேர்வா, பழைய காயத்திடம் தோற்ற தோல்வியா என்ற ஐயம் எழுகிறது. நேர்மையான கட்டுரை இந்த இடத்தில் நின்று பதில் சொல்லும். வேண்டுமானால் தன் மையக் கருத்தையும் திருத்திக்கொள்ளும்.

முடிவுரை

முன்னுரையை வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது முடிவுரையாகாது. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது கூறியது கூறலையும், போகப் போகத் தேய்ந்து முடிவதையும் அவற்றுள் சேர்க்கிறது. நிறுவிய கருத்து படைப்பின் மற்றொரு பகுதியை எப்படிப் புதிதாகப் படிக்க வைக்கிறது என்று காட்டுவது பயனுள்ள முடிவு. அகலிகை விடுதலையைத் திருப்பிக் கொடுத்தாள் என்று நிறுவியவர், விமோசனம் யாருக்கு, எதிலிருந்து என்று கதையின் தலைப்பை நோக்கிக் கேட்கலாம்.